ரயில் போன பாதையில் பெண் பார்த்தல்

மே மாதத்தில் குரங்குத் தொப்பியும் போட்டு, கழுத்தில் மப்ளரும் சுற்றிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தால் அவர் யாராக இருக்க முடியும்? அம்பலவாணன் சடாரென்று நின்றார். இந்தப் பாதையில் வெள்ளைக்காரர் வருவார்கள், அவர்களுடைய நாய்கள் வரும், அரைக் காற்சட்டையோடு ஓடுகிறவர்கள் வருவார்கள். தமிழ் ஆள் மட்டும் வரமாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்திருந்தார்.

"வாங்கவும் ஒண்டுமில்லை, தின்னவும் ஒண்டுமில்லை, கும்பிடவும் ஒண்டுமில்லை. எங்கட சனம் அங்க ஏன் வரப்போகுது?" என்று போன கிழமை மனைவி தவநாயகியிடம் அடித்துச் சொல்லியிருந்தார். அவர் எதையும் அடித்துத்தான் சொல்லுவார். லண்டன் ஹரோவில் சொந்த வீடு, கவுன்சில் கந்தோரில் உத்தியோகம், கராஜில் ஜப்பான் கார். இதற்கு மேல் மெதுவாகப் பேசவேண்டிய அவசியம் என்ன?

பாதை என்றால் ஒரு காலத்தில் ரயில் ஓடின பாதை. பின்ஸ்பரி பார்க்கில் தொடங்கி ஹைகேற் பக்கம் போய் முடிகிறது. ரயிலை நிற்பாட்டி, தண்டவாளத்தைக் கழற்றி, நிலத்தைச் சமப்படுத்திச் சனத்தை நடக்க விட்டிருக்கிறார்கள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, குறுக்கே கார் இல்லை. பிள்ளை வண்டியும் போகும், சக்கர நாற்காலியும் போகும். யாழ்ப்பாணத்திலும் ரயில் நின்று இரண்டு வருடமாகிறது. அங்கே தண்டவாளத்தைப் பிடுங்கிக் குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குக் கூரை போட்டார்கள். இங்கே பிடுங்கிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இதுகளும் ஒரு சனமோ என்பது அம்பலவாணனுடைய அபிப்பிராயம். அவருக்கு எல்லாரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. நல்ல அபிப்பிராயம் ஒரேயொருவரைப் பற்றித்தான் இருந்தது, அந்த ஒருவர் தினமும் காலையில் கண்ணாடியில் வந்து நின்று சவரம் செய்துகொள்வார்.

அன்றைக்கு அவர் வந்தது பெண் பார்க்கிற காரியமாக. மகள் நிர்மலாவை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவேண்டும்.

எங்கள் ஆட்களுடைய வழக்கம் தெரியும்தானே. மாப்பிள்ளை பகுதி முதல் தடவையே நேரே வீட்டுக்கு வராது. பெண் பகுதி கோயிலுக்குப் போகும். மாப்பிள்ளை பகுதியும் அதே நேரம் "தற்செயலாக" அதே கோயிலுக்கு வந்து சேரும். பெண் அர்ச்சனைத் தட்டோடு கோயில் உள்வீதி சுற்றுவாள், அவர்கள் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிடித்தால் அடுத்த கிழமை வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, சாமிதான் பார்த்தது. மானமும் தப்பும்.

லண்டன் கோயிலில் அது தப்பவில்லை. போன வருடம் அப்படியொரு தற்செயல் நடந்து, பிரசாதத்தோடு வீடு வந்து செருப்பைக் கழற்ற முதலே ரெலிபோன் அடித்தது. மாப்பிள்ளை பகுதி வேண்டாம் என்று சொன்ன செய்தி அம்பலவாணனுக்கு வந்து சேர முதல், ஹரோ தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற பெண்களுக்கு வந்துவிட்டது. "என்ன, சரிவரேல்லையாம்?" என்று தவநாயகியிடம் விசாரித்தார்கள். தவநாயகி முருங்கைக்காயைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள். நிர்மலாவோ, இன்னொரு தரம் இப்படி ஊர் சிரிக்க நடந்தால் தான் வாழ்நாளில் ஒருவனுக்கு முன்னாலும் சேலை கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அவள் பாமசிஸ்ற், மருந்து அளந்து கொடுக்கிறவள். சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே இது கடைசிச் சந்தர்ப்பம். மாப்பிள்ளை கம்பியூட்டர் எஞ்சினியர். தோர்ண்டன் ஹீத் கணேசலிங்கத்தாரின் மகன். தோர்ண்டன் ஹீத் என்றதும், அது ஹரோ அளவுக்கு வராத இடமென்று, அம்பலவாணனுடைய மூக்குச் சற்றுச் சுருங்கத்தான் செய்தது; ஆனால் போட்டோவில் பொடியன் லட்சணமாக இருந்தான். ஒரேயொரு இழுபறிதான். அவர்கள் ஹரோ வீட்டைப் பிள்ளையின் பேருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். "எனக்கிருக்கிறது ஒரே பிள்ளை. என்ர காலத்துக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தானே" என்று அம்பலவாணன் தரகர் சபாரத்தினத்திடம் கெட்டித்தனமாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முதலில் பெண்ணைப் பார்ப்போம் என்றார்கள்.

ஏற்பாடு இதுதான். மாப்பிள்ளை பகுதி ஹைகேற் பக்கமிருந்து நடந்து வரும். பெண் பகுதி பின்ஸ்பரி பார்க் பக்கமிருந்து வரும். நடு வழியில் ஒரு பழைய ரயில் பிளாற்போம் இருக்கிறது. பதினொரு மணிக்கு அங்கே தற்செயலாகச் சந்திப்பது. மாப்பிள்ளையின் தாய் கையில் நீலக் குடை இருக்கும். நிர்மலா மாம்பழ மஞ்சள் சேலையில் வருவாள். பொடியனின் போட்டோவைத் தவிர, அதுவரை இரண்டு பகுதியும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

இந்த மூளைக்கு யாராவது பரிசு கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான், மனைவியும் மகளும் பின்னால் வர, அம்பலவாணன் நடந்து வந்தார். அப்போதுதான் குரங்குத் தொப்பி.

தொப்பிக்குக் கீழே இருந்தவர் பஸ்தியாம்பிள்ளை. லண்டனுக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே பெற்றோல் ஸ்ரேசனில் இராத்திரி ஷிப்ட் செய்தவர்கள். ஹரோவில் இது யாருக்கும் தெரியாது. தான் விமானத்தால் இறங்கி நேரே கந்தோர்க் கதிரையில் போய் இருந்ததாகத்தான் அம்பலவாணன் அங்கே சொல்லி வைத்திருந்தார். பஸ்தியாம்பிள்ளை இப்போது ஹோலோவே பக்கத்தில் தேவாலயத் தொண்டு செய்கிறவர். ஞாயிறு பூசை முடிய, நடக்கமாட்டாத ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இந்தச் சமமான பாதையில் தள்ளிக்கொண்டு போய்க் காற்று வாங்க வைப்பது அவருடைய வழக்கம். அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர், இடுப்பில் ஒப்பரேசன் செய்த டொலறஸ் அக்கா. பஸ்தியாம்பிள்ளை தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. பொல்லாதவனென்றால் இரண்டு வார்த்தையில் வெட்டிவிட்டுப் போகலாம். அதோடு அவருக்கு ஒரு செய்தி தெரிந்தால் அது லண்டன் முழுவதற்கும் தெரிந்த மாதிரி.

"அட, அம்பலவாணனோ? இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நடக்கிறன்."

"நீங்களோ? வீட்டு வாசலிலயிருந்து கேற் மட்டும் கார் ஓடுற ஆளெல்லோ. என்ன திடீரெண்டு நடை?"

அம்பலவாணன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை. டொக்டர் நடக்கச் சொன்னவர் என்றார். என்ன வருத்தமென்று பஸ்தியாம்பிள்ளை உடனே கேட்டார். சீனி வருத்தம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீனி வருத்தம் எல்லாருக்கும் இருக்கிறது, பாகற்காய்ச் சாற்றைப் பற்றி மனுசன் கால் மணித்தியாலம் கதைப்பார். பெரிதாக ஒன்றைச் சொன்னால் பயந்து விலகிப் போவார் என்று கணக்குப் போட்டு, "ஹார்ட்" என்றார்.

இத்தனை வருடம் லண்டனில் இருந்து வந்த புத்தி இது. வருத்தமென்று சொன்னால் வெள்ளைக்காரன் "ஓ டியர்" என்று சொல்லி ஓரமாகப் போவான். எங்கள் ஆள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பான். பஸ்தியாம்பிள்ளை வந்த வழிக்கே நாற்காலியைத் திருப்பினார்.

"அப்ப உங்களைத் தனிய விடேலாது. நானும் வாறன்."

"இல்லை, டொக்டர் என்னைக் கதைக்கக் கூடாதெண்டும் சொன்னவர்."

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன்."

கதைத்தார். தேவாலயக் கூரை ஒழுகுவதிலிருந்து தொடங்கி, பெற்றோல் ஸ்ரேசனில் அம்பலவாணன் சிப்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நித்திரை கொண்டு பிடிபட்டது வரைக்கும் கதைத்தார். நிர்மலாவுக்கு அந்தக் கதை புதிது. அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு புது மரியாதையும் இருக்கவில்லை.

இரண்டு பக்கமும் மண் அணை, முட்பற்றை. ரயிலுக்கு வெட்டின பாதை, விலகிப் போக ஒரு சந்து கிடையாது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

டொலறஸ் அக்காவுக்கு இடுப்புத்தான் பழுது, கண் பழுதில்லை. நிர்மலாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கழுத்தில் அட்டியல், தலையில் மல்லிகை, பட்டுச் சேலை, சேலைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. குதிச் செருப்புத் தவநாயகியின் கைப்பையில் இருந்தது. பிளாற்போமுக்குக் கிட்டப் போய் மாற்றுவதாக ஏற்பாடு.

"தகப்பன் நடக்கிறதுக்கு மகள் ஏன் அட்டியல் போட்டிருக்கிறா?" என்று டொலறஸ் அக்கா கேட்டாள்.

நல்ல கேள்வி. பெண் பார்க்கிற காரியம் என்ற வார்த்தை பஸ்தியாம்பிள்ளையின் காதில் விழுந்தால் மத்தியானத்துக்குள் ஹரோ முருங்கைக்காய்க் கூடைக்குப் போய்விடும். அம்பலவாணனுடைய நாக்கு அவரைக் கேளாமலே வேலை செய்தது. பிள்ளையை ஒருக்கால் இப்படி மணப்பெண் மாதிரி உடுத்திப் பார்க்கவேண்டும் என்று தனக்கு ஓர் ஆசை, இருக்கிற காலத்துக்குள் பார்த்துவிட நினைத்தேன் என்றார். சொல்லும்போது குரல் அவருக்கே நன்றாகத் தழுதழுத்தது.

"இருக்கிற காலமெண்டால்?" பஸ்தியாம்பிள்ளையின் கை நாற்காலிப் பிடியில் நின்றுவிட்டது.

"ஆறு மாசமெண்டு சொல்லியிருக்கினம்."

தவநாயகியின் கை தாலிக்குப் போனது. இந்த மனுசன் பொய் சொல்லுவார் என்பது அவளுக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தன் தாலியைக் காப்பாற்ற வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள், அதைத் தெருவில் வைத்து ஆறு மாசத் தவணைக்கு விடுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பொத்தலாமென்றால் நடுவில் நாற்காலி நின்றது. நிர்மலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு. அதை அழுகையென்று எடுத்த பஸ்தியாம்பிள்ளை அவளுடைய முதுகைத் தடவி, மனத்தைத் திடப்படுத்தச் சொன்னார். அப்பாவுக்கு என்ன குளிசை தருகிறார்கள் என்றும் கேட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பெயர் சொன்னாள். இரண்டாவது, வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற குளிசை.

"ஒரு நிமிசம் நில்லுங்கோ. இதிலயே செபிப்பம்" என்று பஸ்தியாம்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். டொலறஸ் அக்கா செபமாலையை எடுத்தாள். இருவரும் கண்ணை மூடினார்கள்.

இங்கேதான் அம்பலவாணனுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் மறுபடியும் நம்பிக்கை வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் கண்ணைக் காட்டினார். மூவரும் நுனிக்காலில் விலகி, வளைவு வந்ததும் ஓடினார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிர்மலா முன்னுக்கு. சப்பாத்து அவளுக்கு உதவியது. தவநாயகி நடுவில். இன்னும் ஆறு மாசமே இருக்கிற மனுசன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைசியில். எதிரே வந்த நாயொன்று வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தது.

ஒரு பாலத்தடி வரைக்கும்தான் ஓட முடிந்தது. அம்பத்துமூன்று வயது, காலையில் தின்ற பாலப்பம் ஆறு. மூச்சு அடைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தேங்கின சேற்றில் பொத்தென்று இருந்துவிட்டார். சேற்றை விட்டு எழும்ப முதல் சக்கரச் சத்தம் கேட்டது. பஸ்தியாம்பிள்ளை வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பறந்து வந்தார். அவருக்குப் பின்னால், சுவாமியே சாட்சி, டொலறஸ் அக்கா நடந்து வந்தாள்.

"நான் சொல்லேல்லையே, அற்றாக் வந்திட்டுது" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"பின்ன ஏன் ஓடினவர்?"

"பயம் அக்கா. சாவுக்குப் பயந்த ஆக்கள் ஓடுவினம்."

டொலறஸ் அக்கா நாற்காலியைக் காட்டி அம்பலவாணனை இருக்கச் சொன்னாள். தன்னை நடக்கச் சொல்லி டொக்டர் உண்மையாகவே சொல்லியிருக்கிறார் என்றாள். அந்த "உண்மையாகவே" அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. பஸ்தியாம்பிள்ளை அவரை அரிசி மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கி வைத்து, இடுப்பில் பட்டியைப் பூட்டி, டொலறஸ் அக்காவின் பூப்போட்ட போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். றோட்டுக்கு ஏறுகிற கிட்டின வழி பிளாற்போமடியில் இருக்கிறதாம். அங்கே போய் அம்புலன்ஸைக் கூப்பிடலாமாம்.

பிளாற்போம் என்றதும் அம்பலவாணனுக்கு மூச்சு வந்துவிட்டது. அந்தப் பக்கம் வேண்டாம், திரும்புவோம் என்று கெஞ்சினார். பஸ்தியாம்பிள்ளை இன்னும் வேகமாகத் தள்ளினார். அம்பலவாணன் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, நீரும் பிள்ளையும் முன்னுக்குப் போங்கோ, என்னைத் தெரியாத மாதிரி அவர்களைச் சந்தியுங்கோ என்று காதோடு சொன்னார்.

"ஆறு மாசத்தில சாகப்போற மனுசனை விட்டிட்டு நான் எங்க போறது?" என்றாள் தவநாயகி. நாற்காலியில் இருந்தவர் அதைவிடக் கன்னத்தில் ஒன்று வாங்கியிருக்கலாம்.

பிளாற்போம் வந்தது. கல்லுக் கரை, கல்லிடுக்கில் புல்லு, சுவர் முழுக்கப் பொடியன்கள் கீறின கலர்க் கிறுக்கல். ரயில் வராத அந்த இடத்தில் மூன்று தமிழ் ஆட்கள், மழையில்லாமல் விரித்த ஒரு நீலக் குடையோடு, மர இலைகளை ரசித்துக்கொண்டு நின்றார்கள். கோட் சூட் போட்ட கணேசலிங்கம். குடைக்குக் கீழே அவருடைய மனைவி செல்வமலர். சற்றுத் தள்ளி மாப்பிள்ளை, சுவர்க் கிறுக்கலைக் கண்ணாடியைக் கழற்றி வாசித்தபடி. எங்கள் ஆட்கள் இலையை ரசிப்பதை அன்றைக்குத்தான் அந்தப் பாதை கண்டிருக்கும்.

அம்பலவாணன் போர்வையை மூக்குவரை இழுத்தார். பெயரைச் சொல்லாமல் கடந்துவிட்டால் போதும், இன்னொரு நாள் வேறோர் இடத்தில் புது மனிதனாக வந்து நிற்கலாம் என்பது அவருடைய கடைசித் திட்டம்.

"தமிழ் ஆக்கள்தானே?" என்று பஸ்தியாம்பிள்ளை தூரத்திலேயே குரல் கொடுத்தார். "ஒருக்கா ஓடி வாங்கோ. இவர் எங்கட அம்பலவாணன், ஹரோ. ஹார்ட். ஆறு மாசம்தான் எண்டு டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம்."

நீலக் குடை மடங்கியது. எந்த அம்பலவாணன் என்று செல்வமலர் கேட்டாள். பஸ்தியாம்பிள்ளை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கவுன்சில் கந்தோர் அம்பலவாணன். நல்ல உழைப்பாளி, தன்னோடு பெற்றோல் ஸ்ரேசனில் நின்று முன்னுக்கு வந்தவர். இந்தா நிற்கிறதுதான் மனைவி. இதுதான் மகள், பாவம், குணமான பிள்ளை, கலியாணக் கோலத்தில் பார்க்கவேண்டுமென்று தகப்பன் ஆசைப்பட்டு உடுத்திக் கூட்டி வந்திருக்கிறார்.

இதற்கு மேல் பொறுக்க ஏலாது. அம்பலவாணன் போர்வையை வீசி எறிந்துவிட்டு, "எனக்கு ஒரு வருத்தமுமில்லை!" என்று துள்ளி எழுந்தார். இடுப்புப் பட்டி பூட்டியிருந்தது. அவரோடு சேர்ந்து நாற்காலியும் எழுந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து, வருங்காலச் சம்பந்தியின் சப்பாத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தன.

கணேசலிங்கமும் மாப்பிள்ளையும் பதறிப்போய்த் தூக்கினார்கள். நாற்காலியின் மறு பக்கத்தை நிர்மலா பிடித்தாள். இருவரும் நாற்காலியை நிமிர்த்தும்போது மாப்பிள்ளை அவளுடைய சப்பாத்தைப் பார்த்தான். தானும் அதே கொம்பனிச் சப்பாத்துத்தான் என்று இங்கிலிஷில் என்னவோ சொன்னான். அவளும் என்னவோ சொன்னாள். இருவரும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். தகப்பன் சேற்றுக் காற்சட்டையோடு கிடக்கையில் பிள்ளை சிரிக்கிறாளே என்று அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வருத்தம் முத்தினால் இப்பிடித்தான்" என்று பஸ்தியாம்பிள்ளை பட்டியை இன்னும் ஓர் ஓட்டை இறுக்கினார். "தங்களுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவினம்."

"உண்மைதான். என்ர மாமாவும் கடைசி நாள் இப்பிடித்தான் எழும்பினவர்" என்றாள் செல்வமலர். தவநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே பிள்ளையோ என்று இரக்கமாகக் கேட்டாள். தவநாயகி ஓம் என்று மூக்கை உறிஞ்சினாள். செல்வமலர் திரும்பி, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி, அம்பலவாணனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நன்றாகப் பார்த்தாள்.

முடிந்தது. நெஞ்சு வருத்தக்காரன் குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்? அது பரம்பரை வருத்தமென்று சொல்லுவார்கள். அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்புலன்ஸ் வரவிடாமல் தடுத்ததே பெரிய பாடு. மூச்சுச் சீராகிவிட்டது என்று நிர்மலா தன் படிப்பின் மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகுதான் பஸ்தியாம்பிள்ளை விட்டார். அப்போதும் சும்மா விடவில்லை. அடுத்த ஞாயிறு பூசை அம்பலவாணனுக்கு ஒப்புக்கொடுக்கப்படும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தவநாயகி தலை முழுகி, சாமியறையில் விளக்கேற்றி, கதவைச் சாத்திக்கொண்டாள். புருசனுக்குச் சோறும் போடவில்லை. நிர்மலா சேலையை மாற்றிவிட்டு இருந்து சாப்பிட்டாள். அம்பலவாணன் முன் அறையில் இருந்துகொண்டு உலகத்தை வைதார். தொப்பியை வைதார், நீலக் குடையை வைதார், தோர்ண்டன் ஹீத்தை வைதார், ரயிலை நிற்பாட்டின வெள்ளைக்காரனை வைதார். ரயில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்திருந்தால் இந்தச் சீரழிவு வந்திருக்குமோ? தன்னை மட்டும் வையவில்லை. அந்த யோசனை அவருக்கு வரவே இல்லை.

பின்னேரம் ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. தமிழ் வகுப்பு அதிபர் குரலைத் தாழ்த்தி, சாப்பிடுகிறாரோ என்று கேட்டார். கடைக்காரர் மனைவி, சிங்கப்பூரில் ஒரு கைராசிக்கார வைத்தியர் இருக்கிறார் என்றாள். பிறகு ஆட்களே வரத் தொடங்கினார்கள். விளக்கு வைக்கும்போது முன் அறை மேசையில் ஹோர்லிக்ஸ் போத்தல்கள் கடைத் தட்டு மாதிரி அடுக்கியிருந்தன. எனக்கொன்றுமில்லை, எனக்கொன்றுமில்லை என்று அம்பலவாணன் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவர் பயந்த விசயம் நடந்துவிட்டது. ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெண் பார்க்கப் போனது ஒன்றுதான் தெரியவில்லை.

கடைசியாக அடித்தது தரகர் சபாரத்தினம். அம்பலவாணன் றிசீவரை எடுத்ததும் அவரைப் பேசவிடாமல் முந்திக்கொண்டார். தனக்கு எல்லாம் தெரியும், அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள், நெஞ்சு வருத்தத்தைச் சாட்டாகச் சொல்லியிருப்பார்கள், தோர்ண்டன் ஹீத் ஆட்களுடைய தராதரம் இவ்வளவுதான் என்று மூச்சு விடாமல் பொரிந்தார். சாமியறைக் கதவு மெல்லத் திறந்தது. நிர்மலா படியில் வந்து நின்றாள்; நின்றதைப் பார்த்தால் அவளுக்கும் மறுமொழி வேண்டியிருந்தது போலத்தான் தெரிந்தது.

"ஆர் சொன்னது அண்ணை?" என்றார் சபாரத்தினம். "அவைக்குப் பூரண சம்மதம். பொடியனுக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிட்டுதாம். வீட்டை இப்ப எழுதச் சொல்லியும் இனிக் கேக்கமாட்டினமாம். நீங்கள் சொன்ன மாதிரி உங்கட காலத்துக்குப் பிறகு வந்தால் போதுமாம்."

அம்பலவாணன் எழுந்து நின்றார். சேறு பட்ட காற்சட்டையை மாற்றாமலே நெஞ்சு நிமிர்ந்தது. றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பாத்தீரோ? இடத்தைத் தெரிஞ்செடுத்தது ஆர்? வீடு எழுத மாட்டன் எண்டு விடாப்பிடியாய் நிண்டது ஆர்? இறங்கி வந்திட்டினம்" என்று மனைவியிடம் சொன்னார். தவநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நிர்மலா படியில் அப்படியே இருந்துவிட்டாள், முகம் சிவந்துபோய். அம்பலவாணன் றிசீவரை மறுபடி காதில் வைத்து, பெருந்தன்மையோடு, அவர்களுக்கு வேறு ஏதாவது கேட்க இருக்கிறதோ என்றார்.

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டே ஒண்டுதான் விசாரிச்சுச் சொல்லச் சொன்னவை, அண்ணை. அந்த ஆறு மாசம் நிச்சயம்தானோ?"